வீரர் மட்டுமே அறிந்த கணக்கு

தொலைதூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர்கள் வாரத்தில் சில நாள் கடுமையான பயிற்சி கொடுப்பார்கள். சில நாள் இலேசாக ஓடவிடுவார்கள். கடுமை உடலைத் தூண்டுவதற்கு, இலேசு உடல் தேறுவதற்கு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டரும் அவர் குழுவினரும் 2001-இல் ஒரு சின்ன ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பயிற்சியாளர் மனத்தில் வைத்திருந்த கடுமை எவ்வளவு, ஓடியவர் உணர்ந்த கடுமை எவ்வளவு என்று இருவரிடமும் ஒரே அளவுகோலில் கேட்டு, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இலேசான நாள் என்று பயிற்சியாளர் நினைத்த நாளில் ஓட்டக்காரர்கள் அவர் நினைத்ததைவிட அதிகமாகவே தங்களை வருத்திக்கொண்டிருந்தார்கள். கடுமையான நாளிலோ அவர் எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. மேடும் பள்ளமுமாக அவர் போட்டுக் கொடுத்த அட்டவணை, ஓடியவர்களின் உடம்பில் ஏறக்குறைய சமதளமாக இறங்கியிருந்தது. அட்டவணையில் பிழையில்லை, ஓடியவர்களும் சோம்பேறிகள் அல்லர். இருவருக்கும் நடுவே போக வேண்டிய செய்தி ஒன்று போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியாளருக்கும் வீரருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்செடுத்தாலே நாம் குருபக்தி, தந்தைப் பாசம், கண்டிப்பு என்று உணர்ச்சிகளின் பக்கம் போய்விடுகிறோம். பாராட்டு விழா மேடையில் காலில் விழுவதும் கட்டியணைப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் விளையாட்டு அறிவியல் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், இந்த உறவின் முதல் வேலை வேறு என்று தோன்றுகிறது. வீரரின் உடம்புக்குள் நடப்பது வெளியே நிற்பவருக்குத் தெரியவரும் முக்கியமான பாதை இதுதான். பாதை திறந்திருந்தால் பயிற்சியாளரின் முடிவுகள் நாளுக்கு நாள் திருந்துகின்றன. பயத்தால் அது அடைபட்டுவிட்டால், எவ்வளவு அனுபவம் உள்ளவரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் லோடு ஏற்றுகிறார். வீரரை அச்சமின்றிப் பேசவிடுவதைக் கருணை சார்ந்த விஷயமாகப் பார்ப்பதைவிட, அளவீடு சார்ந்த விஷயமாகப் பார்ப்பதே சரி என்பது என் வாதம்.

பயிற்சியின் சுமையை அறிவியலாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஓடிய கிலோமீட்டர், தூக்கிய எடை, வீசிய ஓவர், எறிந்த எண்ணிக்கை ஆகியவை புறச்சுமை. ஒரு ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுப் புத்தகமும் இருந்தால் இவற்றை யாரும் எழுதிவைத்துவிடலாம். அதே ஓட்டம் அந்த உடம்பை அன்றைக்கு எவ்வளவு வருத்தியது என்பது அகச்சுமை. முந்தின இரவு தூக்கமில்லாதவர், பரீட்சைக் கவலையில் இருப்பவர், காலையில் சாப்பிடாமல் கிரவுண்டுக்கு வந்தவர் ஆகியோருக்கு ஒரே எட்டுச் சுற்று ஒரே சுமையாக இருப்பதில்லை. தசையும் இதயமும் வலுப்பெறுவதோ தளர்வதோ இந்த அகச்சுமையைப் பொறுத்துத்தான். இதை எண்ணாக்க ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோலை அமைத்தார். வீரர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவருடைய இதயத்துடிப்பு வரும் என்பது அதன் கணக்கு. ஃபாஸ்டர் அதை இன்னும் எளிதாக்கினார். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு 0 முதல் 10 வரை ஓர் எண் வாங்க வேண்டும். பயிற்சி நடந்த நிமிடங்களால் அதைப் பெருக்க வேண்டும். 60 நிமிடப் பயிற்சிக்கு ஒருவர் 6 கொடுத்தால் அன்றைய சுமை 360.

வாய்ச்சொல்லை எண்ணாக்கிவிட்டால் அது அறிவியலாகிவிடுமா என்ற சந்தேகம் எவருக்கும் வரும். மணிக்கட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் கடிகாரமும் முதுகில் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்ட காலத்தில் வீரரைக் கேட்பானேன்? இதற்கு 2016-இல் ஒரு விடை வந்தது. பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் அன்னா சா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 56 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். இரத்தப் பரிசோதனை, ஹார்மோன் அளவு, இதயத்துடிப்பு ஒரு பக்கம். சோர்வு, மனநிலை, மன அழுத்தம் பற்றி வீரர்கள் தாமே சொன்னவை மறுபக்கம். பயிற்சிச் சுமை ஏறி இறங்கியபோது அதைக் கூர்மையாகவும் சீராகவும் காட்டியவை வீரர்களின் சொற்களே. ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும், அளவுமீறிய பயிற்சியால் வரும் நோய்க்குறியை உறுதிசெய்ய எந்த ஒற்றைப் பரிசோதனையும் இல்லை என்றே சொன்னது. கருவிகள் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அவை புறச்சுமையை நன்றாக எண்ணுகின்றன. உள்ளே நடப்பதன் முதல் செய்தி இன்னும் வீரரின் வாய்வழியாகத்தான் வருகிறது.

எலும்பை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஓடும்போது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒவ்வோர் அடிக்கும் இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. அதில் விழும் நுண்ணிய விரிசல்களைச் சரிசெய்ய, பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் முதலில் வருகின்றன. புதிய எலும்பைக் கட்டும் செல்கள் பின்னால் வருகின்றன. அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும்; கட்டுமானத்துக்கு மாதங்கள் ஆகும். சுமையைத் திடீரென்று கூட்டினால் இந்த இடைவெளியில் எலும்பு பலவீனமாகிவிடுகிறது. ஓடுபவருக்கு அப்போது தெரிவது ஒன்றுதான்: ஓட்டத்தின் கடைசியில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய மந்தமான வலி. மறுநாள் அது கொஞ்சம் முன்னதாகவே தொடங்கும். பிறகு நடக்கும்போதும் வலிக்கும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதாவது வலி எக்ஸ்ரேக்கு முந்திக்கொள்கிறது. முதல் வாரத்தில் அதைச் சொன்னவர் ஓட்டத்தைக் குறைத்துச் சில வாரங்களில் தேறிவிடக்கூடும். சொல்லாமல் ஓடியவருக்கு எலும்பு முழுதாக முறியவும் கூடும். இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகில் வரும் முறிவுகளின் கதையும் ஏறக்குறைய இதுவே.

பெண் வீரர்களிடம் இந்தப் பாதை இன்னும் குறுகலானது. உண்பது பயிற்சிக்குப் போதாதபோது உடல் முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் மாதவிடாய் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது; எலும்பின் அடர்த்தி சரிகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதை ஆண்களுக்கும் பொருந்தும் ஆற்றல் பற்றாக்குறைக் கோளாறாக விரித்து வரையறுத்தது. மாதவிடாய் நின்றுபோவது எந்த ஸ்கேனுக்கும் முன்பே வரும் எச்சரிக்கை. ஆனால் அதை ஓர் ஆண் பயிற்சியாளரிடம் ஒரு பதினாறு வயதுப் பெண் எப்படிச் சொல்வாள்? அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன், எடையைக் குறைக்கும்படி ஓயாமல் நெருக்கப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019-இல் பகிரங்கமாகச் சொன்னார். அவருடைய பயிற்சியாளர் ஆல்பர்டோ சலசார் அந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தார். யார் சொன்னது எவ்வளவு சரி என்பதை ஒருபுறம் வைத்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: கெய்ன் சொன்ன கதையில் தராசு காட்டிய எண் ஓயாமல் பேசப்பட்டது; உடம்பு காட்டிய அறிகுறி பேசுபொருளாகவே இல்லை.

தலையில் அடிபடுவது குறித்த ஆய்வுகள் இந்த மௌனத்தை எண்ணிக்கையில் காட்டுகின்றன. மில்வாக்கி நகரப் பகுதியில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1,532 பேரிடம் நடந்த கணக்கெடுப்பு 2004-இல் வெளியானது. அந்தப் பருவத்தில் மூளை அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் அதை யாரிடமாவது சொன்னவர்கள் 47.3 சதவீதம் மட்டுமே. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சொல்லாததற்கு எல்லாரும் பயத்தைக் காரணமாகக் காட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் அது பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை. ஆனால் பத்தில் நான்கு பேர், ஆட்டத்திலிருந்து வெளியே உட்காரவைத்துவிடுவார்கள் என்பதற்காகவே மறைத்ததாகச் சொன்னார்கள். பின்னர் கல்லூரி வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சியாளர் தம் பக்கம் நிற்பார் என்று நம்பியவர்கள் அறிகுறிகளை மறைப்பது குறைவாகவே இருந்தது. ஒரே விளையாட்டு, ஒரே அடி; வெளியே வரும் செய்தியின் அளவைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் உறவுக்குப் பங்கு இருக்கிறது.

அப்படியானால் இத்தனை பயிற்சியாளர்கள் ஏன் பயமுறுத்துவதை இன்னும் நம்புகிறார்கள்? அவர்கள் கொடூரமானவர்கள் என்பதல்ல காரணம். அவர்களுடைய அனுபவமே அவர்களை ஏமாற்றுகிறது. உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தபோது, பாராட்டினால் பயிற்சி விமானிகள் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று ஒரு மூத்த பயிற்றுநர் வாதிட்டார். அவர் கண்டது உண்மை. கண்டதற்குக் கொடுத்த விளக்கம் தவறு. சராசரியாக 7.20 மீட்டர் தாண்டும் ஒருவர் ஒரு நாள் 7.45 தாண்டினால், அடுத்த தாவல் பெரும்பாலும் அதைவிடக் குறையும், 6.95 தாண்டினால் அடுத்தது கூடும். யாரும் வாயைத் திறக்காவிட்டாலும் இது நடக்கும். புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயர். பயிற்சியாளர் பாராட்டுவது உச்சத்துக்குப் பிறகு, திட்டுவது சரிவுக்குப் பிறகு என்பதால், பாராட்டு கெடுப்பதாகவும் வசவு திருத்துவதாகவும் தோன்றிவிடுகிறது. 1985-இல் வெளியான ஒரு பரிசோதனையில், கற்பனை மாணவன் ஒருவன் பள்ளிக்கு வரும் நேரத்தைக் கணினி தன்போக்கில் காட்ட, பங்கேற்றவர்கள் பாராட்டியோ கண்டித்தோ அவனை நேரத்துக்கு வரவைக்க முயன்றார்கள். வருகை நேரங்கள் முன்கூட்டியே முடிவானவை. எதைச் சொன்னாலும் மாறப்போவதில்லை. இருந்தும் பெரும்பாலோர் கண்டிப்பே வேலை செய்தது என்ற முடிவோடு எழுந்து போனார்கள். முப்பது ஆண்டு அனுபவம் என்பது சில நேரம் இதே பிழையை முப்பது ஆண்டுகள் உறுதிப்படுத்திக்கொண்டதாகவும் இருக்கலாம்.

உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு: கடுமையான பயிற்சியாளர்கள்தானே பதக்கங்களைக் குவித்திருக்கிறார்கள்? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கெர்ரி ஸ்ட்ரக் முதல் தாவலிலேயே கணுக்காலில் அடிபட்டு, பேலா கரோலி ஓரத்திலிருந்து ஊக்க, இரண்டாவதாகத் தாவி ஒற்றைக் காலில் நின்ற காட்சி உலகமே அறிந்தது. இரண்டாவது தாவல் இல்லாமலே அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்பது அந்தக் காட்சி அளவுக்குப் பரவவில்லை. அதைவிட முக்கியமானது, அத்தகைய முகாம்களில் முறிந்து வீட்டுக்குப் போனவர்கள் நம் கணக்கிலேயே வருவதில்லை என்பது. மேடையேறியவர்களை மட்டும் எண்ணினால் எந்த முறையும் வென்ற முறையாகத்தான் தெரியும். ஜப்பானிய ஜூடோவில் அடியும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. 2013 தொடக்கத்தில், தேசிய அணியின் 15 பெண் வீரர்கள் தலைமைப் பயிற்சியாளர் தங்களை அறைந்ததாகவும் மூங்கில் வாளால் அடித்ததாகவும் புகார் கொடுத்தது வெளியே தெரிந்து, ரியூஜி சோனோடா பதவி விலகினார். அவருக்குக் கீழ் 2012 லண்டனில் அந்தப் பெண்கள் அணி வென்ற தங்கம் ஒன்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் தனிநபர் பிரிவுகளில் வென்றவை நான்கு. சொந்த ஊர்ப் போட்டி, புதிய தலைமுறை என்று பல காரணங்கள் இதில் கலந்திருப்பதால், அடியை நிறுத்தியதே தங்கம் தந்தது என்று நான் சொல்லமாட்டேன். அடி இல்லாமல் முடியாது என்ற வாதத்தை உடைக்க இது போதும்.

இன்னொரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். கண்டிப்பும் பயமும் ஒன்றல்ல. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜான் வூடன் 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள் வென்றவர். முடி, தாடி வரைக்கும் விதி வைத்திருந்த கண்டிப்பான மனிதர். அவருடைய கடைசிப் பருவமான 1974-75-இல் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரு கல்வி உளவியலாளர்கள் ஆட்டக்கூடத்தின் இருக்கைகளில் உட்கார்ந்து, பயிற்சியின்போது அவர் செய்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். 15 பயிற்சிகளில் 2,326 கற்பித்தல் செயல்கள். அவற்றில் பாராட்டு 6.9 சதவீதம், அதிருப்தி 6.6 சதவீதம். ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் தகவல்: காலை எங்கே வை, பந்தை எப்போது விடு, எவ்வளவு வேகமாகத் திரும்பு. ஒருவர் தவறு செய்தால் ஆட்டத்தை நிறுத்தி, சரியான முறையைச் செய்துகாட்டி, அவர் செய்த விதத்தைச் செய்துகாட்டி, மறுபடி சரியானதைச் செய்துகாட்டுவார். சில விநாடிகளில் முடிந்துவிடும். வசவுக்கு அங்கே நேரமே இல்லை என்பதுதான் எனக்குச் சுவையான செய்தி. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதங்கள் பி.வி. சிந்துவிடம் கைப்பேசி இல்லாதபடி பார்த்துக்கொண்ட புல்லேலா கோபிசந்தின் கண்டிப்பையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். கைப்பேசி கூடாது என்பது உழைப்பின் மீது வைத்த விதி. தோள் வலிக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது தகவலின் மீது வைத்த தடை. முதலாவது எவ்வளவு இறுகினாலும் பயிற்சியாளரின் கண் மறைவதில்லை.

கேட்டால் பொய் சொல்வார்கள், சலுகை கொடுத்தால் டபாய்ப்பார்கள் என்பது கிரவுண்டில் அடிக்கடி காதில் விழும் வாதம். இதில் பாதி உண்மை. தேர்வுப் பட்டியல் தொங்கும் வாரத்தில் வலியைக் கேட்டால் எல்லாரும் நலம் என்றுதான் எழுதுவார்கள். அது கேள்வியின் பிழையல்ல, கேட்ட நேரத்தின் பிழை. மறுபாதிக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் ஆகியோரின் வேலை பதில் சொல்கிறது. சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலருக்கு, ஊக்கமும் திருத்தமும் கலந்து பேசும் முறையைச் சில மணி நேரம் கற்றுக்கொடுத்தார்கள். வெற்றி தோல்வியில் மற்ற அணிகளோடு வேறுபாடு இல்லை. ஆனால் 1992-இல் வெளியான ஆய்வில், சாதாரணப் பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த ஆண்டு விளையாட்டையே விட்டிருந்தார்கள்; கற்றுக்கொண்டவர்களிடம் ஆடியவர்களில் 5 சதவீதம் பேர். பையன்கள் டபாய்க்கவில்லை, திரும்பி வந்தார்கள். உச்சத்திலும் இதே கணக்குதான். 2022 உலகத் தடகளத்தில் நான்காவது எறிதலில் வெள்ளி உறுதியானபோது நீரஜ் சோப்ரா தொடையில் ஏதோ பிடிப்பதை உணர்ந்தார். ஸ்கேனுக்குப் பிறகு ஒரு மாத ஓய்வு. நடப்பு சாம்பியனாக இருந்தும் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கே போகவில்லை. அப்போது அவருடன் இருந்த பயிற்சியாளர் கிளாவுஸ் பார்டோனியெட்ஸ், உயிர் இயக்கவியல் படித்தவர். ஆகஸ்ட் இறுதியில் லொசானில் நீரஜ் 89.08 மீட்டர் எறிந்து வென்றார்.

நெருக்கம் இருந்தாலே போதும் என்று இதைப் புரிந்துகொள்வதும் ஆபத்து. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர், பசியோடிருந்த சிறுமிகளுக்கு ரகசியமாகத் தின்பண்டம் கொடுத்து நல்லவராகத் தெரிந்தவர். 2018-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்ட நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்டோர் அவர் செய்த பாலியல் கொடுமைகளைச் சொன்னார்கள். பயிற்சியாளர்களிடம் வாய் திறக்க முடியாத முகாமில்தான் ஒரு மிட்டாய்க்கு அவ்வளவு மதிப்பு வந்தது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சோஃபியா ஜோவெட் இந்த உறவை அளக்கும்போது நெருக்கம், ஈடுபாடு, ஒத்திசைவு ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்றையும் பார்க்கிறார்: ஒருவர் மற்றவரைப் பற்றி நினைப்பது எவ்வளவு சரி? மிக நெருங்கியிருக்கும் இருவரும் இதில் தோற்கலாம். தன் வீரரைத் தனக்கு முழுக்கத் தெரியும் என்று நினைப்பவர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்.

தமிழ்நாட்டின் பள்ளி மைதானங்களுக்கும் விளையாட்டு விடுதிகளுக்கும் இதில் செலவு பிடிக்கும் எதுவும் இல்லை. ஒரு தாள், நான்கு கட்டம்: எத்தனை மணி நேரம் தூங்கினாய், எங்காவது வலிக்கிறதா, சாப்பிட்டாயா, நேற்றைய பயிற்சிக்கு 10-க்கு எத்தனை. பி.டி. மாஸ்டர் ஒருவரே ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். வாங்கிய தாளை வைத்து அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 9 என்று எழுதிய பெண்ணுக்கு மறுநாளும் அதே லோடு கிடைத்தால், அல்லது அணியில் அவள் இடம் போனால், அடுத்த வாரம் அவள் 5 என்று எழுதுவாள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் 5-க்கு இறங்குவார்கள். ஒரு மாதம் முழுக்க எல்லாப் பெயருக்கும் நேரே 5 என்றே இருந்தால், அந்தத் தாள் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பயிற்சியாளரைப் பற்றிச் சொல்கிறது. அப்போது தாளை வேறொருவர் வாங்கலாம். தேர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அல்லது துணிந்து உண்மையை எழுதிய முதல் பிள்ளையின் ஓட்டச் சுற்றுகளில் இரண்டை எல்லாருக்கும் தெரியும்படி குறைத்துவிட்டு, வாரக் கடைசியில் மற்றவர்களின் எண்கள் அசைந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம்.